சுண்டு விரல் மட்டும் மரக்கவில்லை

கை மரத்துப் போகிறது என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவர்கள், ஓவர்லாக் தைப்பவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், வீட்டில் மாடு கறக்கிறவர்கள். இவர்களில் பாதிப் பேருக்குக் கிடைக்கிற பதில் ‘கழுத்துத் தேய்மானம்’, மீதிப் பேருக்கு ‘சத்துக் குறைவு’. எனக்கு இரண்டுமே கிடைத்தன. ஒன்றரை வருடமும் ஐம்பதாயிரத்துக்கு மேல் பணமும் போன பிறகுதான் கோளாறு மணிக்கட்டில் இருக்கிறது, ‘கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்’ என்று அதற்குப் பெயர் என்று தெரிந்தது. அதுவரை ஒருவர்கூட என்னிடம் ‘எந்தெந்த விரல் மரக்குது’ என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்ற கோபம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

நான் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது நாற்பத்தாறு. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கும் டிரிம்மிங்கும் பார்க்கிறேன். விடியும் முன்னே எழுந்து இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, ஸ்கூட்டியில் வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வந்து மறுபடி கறக்க வேண்டும். டிரிம்மிங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கத்தரி, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியே இருக்கும், நாள் முழுக்க அந்த இரண்டு விரலும் அமுக்கி அமுக்கி விட வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ராத்திரி வரைக்கும் ஓடும்.

முதலில் வந்தது ராத்திரியில்தான். நடுச்சாமத்தில் வலது கை மதமதவென்று ஆகி, விரல்கள் வீங்கிப் பெருத்துவிட்ட மாதிரி ஒரு உணர்வோடு முழிப்பு வரும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வீக்கமே இருக்காது. கையைக் கீழே தொங்கவிட்டு நாலு உதறு உதறினால் சரியாகிவிடும். அப்புறம் வண்டி ஓட்டும்போதும் வர ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைப் பிடித்த கை தெக்கலூர் தாண்டுவதற்குள் உணர்ச்சியில்லாமல் போய்விடும், ஓரமாக நிறுத்தி உதறிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பக்கவாதம் வரப்போகிறதோ என்று உள்ளுக்குள் பயம். வீட்டுக்காரரிடம்கூடப் பல நாள் சொல்லவில்லை. என்னோடு செக்கிங்கில் நிற்கும் பெண்தான் ஒருநாள் கேட்டாள், “ஏனுங்க்கா, கத்தரி கீழ விழுந்துட்டே இருக்குது, கைக்கு என்னாச்சுங்க?”

முதலில் போன மருத்துவமனையில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். தேய்மானம் என்றார்கள். நாற்பது தாண்டியவர்களில் நிறையப் பேருக்குக் கழுத்தைப் படம் எடுத்தால் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். தொந்தரவுக்கு அதுதான் காரணம் என்பதற்கு அது மட்டும் அத்தாட்சி ஆகாது. இதை அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள், ஏழாயிரம். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. கழுத்துக்குப் பட்டை, கழுத்தை இழுத்து வைக்கும் சிகிச்சை, ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய் வீதம் வாரக்கணக்கில். நரம்பு மாத்திரை என்று ஒன்று கொடுத்தார்கள், அதைப் போட்டால் மறுநாள் காலை மாட்டுக்கடியில் உட்கார்ந்துகொண்டே தூங்கி விழுவேன். கை மட்டும் அப்படியே இருந்தது. நடுவில் மாமியார், “சுளுக்கா இருக்கும் கண்ணு, வழிச்சு உட்டாச் செரியாப் போயிரும்” என்று ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் போட்டு மணிக்கட்டை அழுத்தி வழித்ததில் அன்று ராத்திரி தூக்கமே இல்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஏற்கெனவே நெருக்குப்பட்டிருக்கிற இடத்தை அவர் இன்னும் அழுத்தியிருக்கிறார்.

அடுத்து ஒரு இடத்தில் வைட்டமின் ஊசியும் மாத்திரையும் எழுதினார்கள். வைட்டமின் தானே, சத்துதானே என்று நாம் மாதக்கணக்கில் விழுங்குவோம். பி6 வைட்டமினை அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும். அதனால் இந்த மாத்திரையை எத்தனை நாளைக்குப் போட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், சீட்டைக் காட்டிக் கடையில் நீங்களாகவே தொடர்ந்து வாங்கிப் போடாதீர்கள்.

இப்படியே ஓடி, ஒருநாள் சேலைக்கு ஊக்குக் குத்த முடியவில்லை. ஊக்கு விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. அன்றைக்குக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா மகள்தான் கோயமுத்தூரில் கைக்கென்றே அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் ஒருவரிடம் பேர் பதிந்து கூட்டிப்போனாள். ஸ்கேன் படங்கள் அடங்கிய பையை நீட்டினேன். அவர் அதை மேசை ஓரம் வைத்துவிட்டு, “எந்தெந்த விரலும்மா மரக்குது?” என்றார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்றேன். “சுண்டு விரல்?” இல்லை. “மோதிர விரல்?” யோசித்தேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து மோதிர விரலின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தடவினார். சுண்டு விரல் பக்கம் இருக்கும் பாதியில் நன்றாகத் தெரிந்தது. நடு விரல் பக்கம் இருக்கும் பாதியில் துணி சுற்றித் தொட்ட மாதிரி மங்கலாக இருந்தது. ஒரே விரல், நடுவில் கோடு கிழித்தது போல் பாதி பாதி. “கழுத்துல பிரச்சினைன்னா விரல் இப்படிப் பாதியாப் பிரியாதும்மா” என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள், நாலு நாலாக இரண்டு வரிசை. உள்ளங்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இவை தட்டையாக இல்லை, வளைந்து ஒரு வாய்க்கால் போலக் குழிந்திருக்கின்றன. அந்தக் குழியின் இரு கரைகளையும் இணைத்து மேலே ஒரு தடித்த பட்டை குறுக்கே ஓடுகிறது. அதுதான் கூரை. எலும்பும் சரி, இந்தப் பட்டையும் சரி, இழுபட்டு விரிகிற பொருள் இல்லை. சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலமே உள்ள இந்தக் குகைக்குள் பத்துச் சமாச்சாரங்கள் போகின்றன. ஒன்பது தசைநாண்கள், ஒரு நரம்பு. நாலு விரல்களுக்கும் இரண்டிரண்டு நாண்கள், கட்டை விரலுக்கு ஒன்று. விரலை மடக்கும் தசை முழங்கைக்குக் கீழே இருக்கிறது, இந்த நாண்களை இழுத்துத்தான் விரல் மடங்குகிறது. நரம்புக்குப் பெயர் மீடியன் நரம்பு. அது பட்டைக்கு நேர் கீழே, நாண்களுக்கு மேலே கிடக்கிறது. நாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் தடித்தாலும் கூரையும் தரையும் நகராது. நெருக்கடி முழுவதும் அந்த நரம்பின் மேல்தான்.

சுண்டு விரலுக்குப் போகிற நரம்பு வேறு. அது இந்தக் குகைக்குள் வராமல் பக்கத்தில் தனி வழியாகப் போகிறது, மோதிர விரலின் ஒரு பாதியும் அதன் பங்கு. அதனால்தான் அந்தப் பாதிக் கணக்கு. இன்னொன்றும் கவனிக்கலாம். உள்ளங்கையில் கட்டை விரல் மேட்டின் மேல்தோலுக்குப் போகும் கிளை, குகைக்கு முன்பே பிரிந்து கூரைக்கு மேலாகப் போய்விடுகிறது. ஆகவே விரல் நுனிகள் மரத்தாலும் அந்த இடத்தில் தொடுவுணர்ச்சி சரியாகவே இருக்கும். எனக்கு அப்படியே இருந்தது.

மடக்கினால் ஏன் மரக்கிறது என்பதற்குப் மாடு பூட்டிக் கயிற்றால் கிணற்றுத் தண்ணீரை இழுக்கிற பழைய கவலை இறைப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கயிறு நேராக ஓடினால் உருளையில் பாரம் இல்லை, திரும்புகிற இடத்தில்தான் மொத்தப் பாரமும் உருளைமேல் இறங்கும். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கிக்கொண்டு விரலால் அமுக்கினால் ஒன்பது நாண்களும் கூரைப் பட்டையைப் போய் அழுத்துகின்றன, நடுவில் நரம்பு நசுங்குகிறது. இதை மெல்லிய குழாய் செருகி அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1981இல் வெளியான அளவீட்டில், மணிக்கட்டு நேராக இருக்கும்போது நல்ல கையில் உள்ளழுத்தம் சராசரியாக 2.5, இந்த நோய் உள்ளவர்கள் கையில் 32. ரத்த அழுத்தம் அளக்கிற அதே பாதரச மில்லிமீட்டர்தான். முழுக்க மடக்கினாலோ பின்பக்கம் வளைத்தாலோ நோயுள்ள கையில் அது 90ஐத் தாண்டிவிடுகிறது. 20, 30 வந்தாலே நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்த ஓட்டம் தடைப்பட ஆரம்பிக்கும். தூக்கத்தில் நாம் கையைச் சுருட்டிக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்கிறோம், மணிநேரக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. படுத்தால் உடம்பில் நீர் பரவிக் கையிலும் கொஞ்சம் சேர்கிறது. ராத்திரித் தொந்தரவு இதனால்தான். ஸ்கூட்டி ஆக்சிலேட்டரில் மணிக்கட்டு பின்பக்கம் வளைந்திருக்கிறது, கூடவே இறுக்கிப் பிடிக்கிறோம், வண்டி அதிர்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டு மடங்கிய நிலையில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் அந்த மூன்றரை விரல் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது. ஃபேலன் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரால் இதைச் சொல்கிறார்கள். எனக்கு நிமிடம் முடியவே இல்லை, அதற்குள் சுருசுருவென்று ஏறிவிட்டது. ஆனால் இந்தச் சோதனையில் வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. கழுத்திலிருந்து மின்சாரம் பாய்கிற மாதிரி கைக்கு வலி இறங்கினால், கழுத்தைத் திருப்பும்போது அதிகமானால், கழுத்தையும் பார்க்கத்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு. திடீரென்று ஒரு பக்கம் வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கையோடு காலும் தளர்ந்தால் அது வேறு. அப்போது ஒரு நிமிடமும் யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உறுதி செய்ய நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்தார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மணிக்கட்டில் சின்னச் சின்ன ஷாக் வைத்து, அது கட்டை விரல் தசைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறார்கள். பயந்த அளவு வலி இல்லை, சுள்ளென்று எறும்பு கடித்த மாதிரிதான். ஒரு விஷயம்: கை சில்லென்று இருந்தால் நரம்பில் ஓட்டம் தானாகவே மெதுவாகிவிடும், அளவு தப்பாக வரும். ஏசி அறையில் நெடுநேரம் காத்திருந்தால் சோதனைக்கு முன் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எனக்கு வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். வலது கையில் பாதிப்பு முற்றியிருந்தது, இடது கையில் லேசாக ஆரம்பித்திருந்தது. சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்கள். இந்த இரண்டில் எது இருந்தாலும் இந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். எனக்குச் சர்க்கரை விளிம்பில் நின்றது. கர்ப்பமாக இருக்கும்போதும் உடம்பில் நீர் கோத்து இது வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே போய்விடும். அக்கா மகளுக்கே அப்படி வந்து போயிருக்கிறது, அதனால்தான் அவளுக்கு இது தெரிந்திருந்தது.

முதல் சிகிச்சை ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை. இதில்தான் சூட்சுமம். மருந்துக் கடையில் கேட்டால் உள்ளே தகடு வைத்த பட்டை ஒன்று எடுத்துத் தருவார்கள். அந்தத் தகடு பெரும்பாலும் கையைப் பின்பக்கம் வளைத்து வைக்கிற மாதிரி இருக்கும், எலும்பு முறிவுக்கும் மற்றதற்கும் அது பொருந்தும். நமக்கு மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். மருத்துவர் அந்தத் தகட்டை உருவி எடுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நிமிர்த்தி, மறுபடி உள்ளே செருகிக் கொடுத்தார். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும், பட்டை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. தூங்கும்போது முஷ்டி பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் கவனிக்கச் சொன்னார். உள்ளங்கையில் உள்ள சின்னத் தசைகள் சில, விரலை மடக்கும்போது நாணோடு சேர்ந்து அந்தக் குகைக்குள்ளேயே நுழைந்துவிடுமாம். ஏற்கெனவே இடமில்லாத இடம். இடது கைக்கு இந்தப் பட்டையே போதுமாக இருந்தது. இரண்டு மாதம் விடாமல் போட்டதில் ராத்திரி மதமதப்பு நின்றது.

வலது கைக்கு ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார். அற்புதமாக இருந்தது, நாலு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். ஊசி போட்ட வாரத்தில் சர்க்கரை ஏறியது. சர்க்கரை உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் பழையபடி திரும்பி வந்தது. கட்டை விரலின் அடிமேடு ஏற்கெனவே வற்றிப் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக் கட்டை விரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி, அவர் ஒரு விரலால் அழுத்தினார். என் கட்டை விரல் அப்படியே சாய்ந்துவிட்டது. “இதுக்கு மேல தள்ளிப் போட்டா இந்தத் தசை திரும்ப வராதும்மா” என்றார். மரமரப்பு வந்து வந்து போகிற வரைக்கும் பொறுக்கலாம். மரமரப்பு நிரந்தரமாகத் தங்கினாலோ மேடு வற்றினாலோ காத்திருக்க நேரம் இல்லை.

ஆபரேஷன் என்றதும் வீட்டில் ஒரே எதிர்ப்பு. நரம்பை வெட்டிவிட்டால் கையே போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெட்டுவது நரம்பை அல்ல, கூரையாக இருக்கிற அந்தப் பட்டையைத்தான். கூரை பிளந்தால் உள்ளே அழுத்தம் இறங்கிவிடுகிறது, பிளந்த இடத்தில் நாளடைவில் புதுத் திசு வளர்ந்து கொஞ்சம் அகலமாகவே மூடிக்கொள்கிறது. கையை மட்டும் மரக்க வைத்துத்தான் செய்தார்கள், நான் முழித்துக்கொண்டே இருந்தேன். உள்ளங்கையில் ஊசி போடும்போது உயிர் போகிறது, அதை மறைக்க மாட்டேன். மேல்கையில் காற்றடைத்த பட்டை இறுக்குவதும் கடைசியில் தாங்க முடியவில்லை. ஆனால் கத்தி வைத்ததிலிருந்து தையல் போட்டது வரை கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது. அன்று சாயங்காலமே வீடு. செலவு மருந்தோடு முப்பத்தைந்தாயிரம்.

அன்று ராத்திரி காயம் வலித்தது, ஆனால் மரக்கவில்லை. அது போதுமாக இருந்தது. அப்புறம்தான் யாரும் சொல்லாத ஒன்று வந்தது. காயம் ஆறித் தையல் பிரித்த பிறகு உள்ளங்கை அடியில் இரண்டு ஓரமும் ஊன்றினால் வலி. தரையில் கையூன்றி எழுந்திருக்க முடியாது, சப்பாத்திக் கட்டையை அழுத்த முடியாது. ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதோ என்று கலங்கினேன். இது நிறையப் பேருக்கு வருவதுதான், சில மாதங்களில் குறையும் என்றார்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது. பிடிமானமும் அதே அளவு நேரம் எடுத்துத்தான் திரும்பியது. நரம்பு வளர்ந்து வருவது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் விரல் நுனி உணர்ச்சி மெதுவாக வந்தது. நடு விரல் நுனி இன்னும் முழுசாக வரவில்லை. கட்டை விரல் மேடும் பழைய அளவுக்கு நிரம்பவில்லை. சீக்கிரம் போயிருந்தால் நிரம்பியிருக்கும் என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார்.

பணத்தில் எனக்கு அதிகம் வலித்தது வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. அதில் சிகிச்சை மட்டுமல்ல, மருத்துவர் சான்று தந்தால் உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும், வருடத்தில் 91 நாள் வரை, கிடைக்கும். பிடித்தம் கட்டிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாள் வேலைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் சான்று இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாகப் போக வேண்டும், நான் தனியார் சீட்டை நீட்டியதால் இழுபறியாகிப் பாதி நாட்களுக்குத்தான் பணம் வந்தது. கம்பெனியில் பணியாளர் பிரிவில் யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே டிஸ்பென்சரிக்கு ஒரு நடை போய்விடுங்கள்.

இப்போது டிரிம்மிங்கை விட்டுவிட்டு அளவு பார்க்கிற டேபிளுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டேப் பிடிக்கிற வேலைதான், அமுக்குகிற வேலை இல்லை. வண்டியில் கைப்பிடிக்குத் தடித்த உறை மாட்டியிருக்கிறேன். மாடு கறப்பதில்தான் பெரிய மாற்றம். எங்கள் ஊரில் பாதிப் பேர் கட்டை விரலை உள்ளே மடக்கி, அதன் முட்டியில் காம்பை அழுத்திக் கறப்பார்கள், நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். அதில் மாட்டுக்கும் காம்பு வலிக்கும், நமக்கும் கட்டை விரலும் மணிக்கட்டும் போகும். இப்போது ஐந்து விரலாலும் காம்பை முழுசாகப் பிடித்து மேலிருந்து கீழாக விரல் விரலாக இறுக்கி விடுகிறேன். முக்காலியைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டுக்கு நெருங்கி உட்கார்ந்தால் மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேர்கோட்டில் வருகிறது. ஒரு மாட்டை நான் கறக்கிறேன், உதைக்கிற மாட்டை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன். அவருக்கு இன்னும் நுரை கட்டக் கறக்க வரவில்லை, சொசைட்டியில் அளவு கொஞ்சம் குறைகிறது, குறையட்டும்.